குளிர் அறையும் காற்றோட்டமும்: யந்திரம் வாங்குமுன் போடவேண்டிய உஷ்ணக் கணக்கு

விளைவிப்பது விவசாயத்தில் ஒரு பாதி. விளைந்ததைக் கெடாமல் காப்பது மற்றொரு பாதி. காரட்டு, கோஸ் முதலிய காய்கறிகளைச் சந்தை நிலவரம் தெரியும்வரை வைத்திருக்கச் சிறு குளிர் அறைகளும், கோடையில் கோழிகளைக் காக்கக் குளிரூட்டும் கொட்டகைகளும் கிராமங்களில் ஏற்பட்டு வருகின்றன. இவற்றைக் கட்டுவோர் பெரும்பாலும் கட்டிடத்தை முதலில் முடித்துவிட்டு, "இதற்கு எத்தனை டன் யந்திரம் போடலாம்?" என்று கடைக்காரரைக் கேட்கின்றனர். ஏரிக்கு வரத்து எவ்வளவு என்று பாராமல் கலிங்கு கட்டுவதை இது ஒக்கும். யந்திரம் சிறிதாயின் சரக்கு அழுகும். பெரிதாயின் முதலும் மின்சாரச் செலவும் வீணாகும். இவ்விரண்டு நஷ்டங்களையும் தவிர்ப்பதற்கான கணக்குக் கடினமானதன்று. கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் அதைப் போடலாம்.

உஷ்ணம் வரும் வழிகள்

உஷ்ணம் எப்பொழுதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே செல்லும். ஆகையால் ஓர் அறையைக் குளிரச் செய்வதென்பது அதற்குள் குளிர்ச்சியைப் புகுத்துவதன்று. அதிலுள்ள உஷ்ணத்தையும் மேலும் மேலும் வந்து சேரும் உஷ்ணத்தையும் வெளியேற்றுவதேயாகும். வந்து சேரும் வழிகள் ஐந்து. சுவர், கூரை, தரை ஆகியவற்றின் வழியாக வருவது ஒன்று. கதவு திறக்கும்போது நுழையும் காற்றுடன் வருவது இரண்டு. உள்ளே வைக்கும் சரக்கு தன்னுடன் கொண்டுவருவது மூன்று. அறுவடையான பிறகும் காய்கறிகள் சுவாசிப்பதால் உண்டாவது நான்கு. விளக்கு, விசிறி, வேலையாட்கள் ஆகியவற்றால் உண்டாவது ஐந்து.

உஷ்ணத்தை அளக்கவும் விவசாயிகள் அறிந்த அளவையே போதும். ஒரு கிலோவாட் மின்சார அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அப்போது வெளிப்படும் உஷ்ணமும் ஒரு யூனிட்டே. ஒரு லிட்டர் நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்தும் உஷ்ணம் ஒரு கிலோ காலரி; 860 கிலோ காலரி சேர்ந்தது ஒரு யூனிட்.

யந்திரங்களின் 'டன்' என்னும் அளவு அவற்றின் எடையைக் குறிப்பதன்று. பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்தில் ஏற்பட்ட வழக்கு அது. 907 கிலோ எடையுள்ள ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை ஏற்குமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் யந்திரம் ஒரு டன் யந்திரம் எனப்படும். இது மணிக்கு ஏறக்குறைய 3½ யூனிட் ஆகும்.

காற்றிலுள்ள ஈரம்

உஷ்ணமானியில் தெரியும் உஷ்ணம் ஒன்று. காற்றிலுள்ள நீராவியில் மறைந்து நிற்கும் உஷ்ணம் மற்றொன்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாறும்போது ஏறக்குறைய 580 கிலோ காலரி உஷ்ணத்தைச் சுற்றிலுமிருந்து இழுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும், வியர்வை காயும்போது உடல் குளிர்வதும் இதனாலேயே. அந்த ஆவி குளிர் அறைக்குள் புகுந்து மீண்டும் நீராகும்போது அவ்வளவு உஷ்ணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஈரத்தையும் உஷ்ணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆளும் முறையை அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்ற இன்ஜினியர் 1902ஆம் ஆண்டில் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றுக்காக வகுத்தார். அங்கே தேவைப்பட்டது ஆட்களுக்குக் குளிர்ச்சியன்று. காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்காமல் இருப்பதே.

காற்றின் ஈரத்தை அறிய இரண்டு சாதாரண உஷ்ணமானிகள் போதும். ஒன்றின் குமிழை அப்படியே விட்டு, மற்றொன்றின் குமிழில் மெல்லிய மல் துணியைச் சுற்றி நனைத்து, இரண்டையும் நிழலில் வைத்து நன்றாக விசிறவேண்டும். நனைந்த குமிழ் காட்டும் அளவு குறைவாக இருக்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வித்தியாசம் காணப்படும். காற்றிலேயே நீரை நேராக ஆவியாக்கிக் குளிரச் செய்யும் முறையால் அக்காற்றை நனைந்த குமிழின் அளவுக்குக் கீழே இறக்க முடியாது.

இதன் பயன் பெரிது. நாமக்கல், கரூர் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் மே மாதப் பிற்பகலில் காற்று 40 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொண்டால், நனைந்த குமிழ் ஏறக்குறைய 24 டிகிரி காட்டும். நனைந்த திண்டுகளின் வழியாகக் காற்றை இழுக்கும் நல்ல அமைப்பு இவ்வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பெறும். அதாவது காற்று 27 டிகிரிக்கு வந்துவிடும். கடலோரத்திலோ காற்று 35 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 65 என்று இருந்தால் நனைந்த குமிழ் 29 டிகிரி காட்டும். அதே அமைப்பு அங்கே 5 டிகிரி மட்டுமே குறைத்து, காற்றை மேலும் ஈரமாக்கிவிடும். கோழிக்கு வியர்ப்பதில்லை, அது வாயைத் திறந்து இளைத்து, மூச்சுடன் நீரை ஆவியாக்கியே உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் அதுவும் இயலாது. ஆகையால் இரண்டு குமிழ்களுக்கும் வித்தியாசம் 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் நீரால் குளிரச் செய்யலாம். 5 டிகிரிக்குக் குறைந்தால் நீர் தெளிப்பதை நிறுத்திக் காற்றோட்டத்தையே நம்பவேண்டும்.

காற்றோட்டம்

முட்டைக் கோழி ஒன்று ஏறக்குறைய 10 வாட் உஷ்ணத்தை வெளியிடுகிறது. 5000 கோழிகள் உள்ள கொட்டகையில் இது 50 கிலோவாட் ஆகும். அதாவது ஐம்பது மின்சார அடுப்புகளை இரவும் பகலும் எரிய விட்டதற்குச் சமம். இதில் பாதி மூச்சின் ஈரமாகப் போகிறதென்றும், மீதிப் பாதியைக் காற்று 3 டிகிரிக்கு மேல் சூடேறாமல் கொண்டுசெல்ல வேண்டுமென்றும் கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 7 கன மீட்டர் காற்று கொட்டகைக்குள் ஓடவேண்டும். பத்தடி நீள அகல உயரமுள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் நான்கு விநாடிக்கு ஒரு முறை மாறுவதை இது ஒக்கும். காற்று அடங்கிய கத்திரி வெயில் நாட்களில் மாலைக்குள் கோழிகள் கூட்டமாக மடிவதற்குக் காரணம் இக்கணக்கிலேயே விளங்கும்.

இவ்வளவு காற்றை இயற்கையாகப் பெறுவதற்குக் கட்டிட அமைப்பே முக்கியம். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் காலை மாலை வெயில் நீண்ட பக்கங்களில் நேராக விழாது. அகலம் 30 அடிக்கு மேற்படாமல் இருந்தால்தான் ஒரு பக்கத்தில் நுழைந்த காற்று மறுபக்கம் சேரும். சூடான காற்று இலேசானதாகையால் மேலே எழும். அது வெளியேறக் கூரை முகட்டில் திறப்பும், அதன் இடத்திற்குப் புதுக்காற்று வரத் தாழ்ந்த இடத்தில் திறப்பும் இருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிடில் மற்றதும் பயன்படாது. திறப்புகளின் பரப்பை இரண்டு மடங்கு ஆக்கினால் காற்றும் இரண்டு மடங்காகும். உயர வித்தியாசத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலோ காற்று ஏறக்குறைய 1.4 மடங்கே ஆகும். எனவே கூரையை மிக உயர்த்திச் செலவு செய்வதைக் காட்டிலும் திறப்புகளை அகலமாக்குவது மேல்.

மாட்டுக் கொட்டகைக்கும் இதுவே விதி. கறவைப் பசு ஒன்று முக்கால் முதல் ஒரு கிலோவாட் வரை உஷ்ணத்தை வெளியிடும். அதனை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைப்பது பாலைக் குறைத்துக்கொள்வதாகும்.

யந்திரம் தேவையே இல்லாத சரக்கும் உண்டு. சின்ன வெங்காயத்தைத் தரையினின்று உயர்த்தி, காற்று ஊடுருவும்படி குறுகலாக அமைக்கும் பட்டறை காற்றோட்டத்தின் நல்ல பாடமாகும். வெங்காயத்திற்கு வேண்டியது உலர்ந்த காற்று. குளிர் அறையின் ஈரக் காற்றில் காய்கறிகளுடன் அதைச் சேர்த்து வைத்தால் வேர்விட்டுக் கெடும்.

உஷ்ணத்தைத் தடுத்தல்

மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. கறுத்துப்போன தகரமும் சிமெண்டு அட்டையும் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த கூரை பெரும்பகுதியைத் திருப்பிவிடும். கோடை தொடங்குமுன் கூரைக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் போல் மலிவாகக் குளிர்ச்சி தருவது வேறொன்றுமில்லை.

குளிர் அறைக்கோ இது மட்டும் போதாது. உஷ்ணம் ஊடுருவாத காப்பு வேண்டும். மின்சாரக் குளிர் யந்திரம் இல்லாத காலத்தில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டுப் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 1833இல் கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அத்தகைய பனிக்கட்டியைச் சேர்த்து வைத்த கிடங்காகும். பூமத்திய ரேகையைத் தாண்டி மாதக்கணக்கில் கப்பலில் வந்த பனிக்கட்டியைக் காத்தது யந்திரமன்று; மரத்தூளின் இடுக்குகளில் அசையாது நின்ற காற்றே.

இக்காலத்துக் காப்புப் பலகைகளும் அவ்வாறே நுண்ணிய குமிழ்களில் வாயுவை அடைத்து வைத்தவையாம். அறைக்கு உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 2 வாட் உஷ்ணத்தை உள்ளே விடும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள பாலியூரிதேன் நுரைப் பலகை கால் வாட் அளவே விடும். அதாவது எட்டில் ஒரு பங்கு. தர்மாகோல் பலகை மலிவு; ஆனால் அதே பயனுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு கனம் வேண்டும்.

காப்புக்குச் சத்துரு ஈரம். வெளிக்காற்றின் நீராவி குளிர்ந்த பக்கத்தை நாடிச் சுவரினூடே செல்லும். காப்பினுள் நீராகப் படிந்து அதன் குணத்தைக் கெடுக்கும். ஆகையால் ஆவி புகாத பாலிதீன் விரிப்போ உலோகத் தகடோ காப்பின் வெளிப்புறத்தில், அதாவது சூடான பக்கத்தில், இடைவெளியின்றி அமைதல் வேண்டும். உட்புறத்தில் மட்டும் அமைத்தால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

ஒரு சிறு குளிர் அறையின் கணக்கு

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரையும் கூரையும் சேர்த்து அதன் பரப்பு 54 சதுர மீட்டர். கொள்ளளவு 27 கன மீட்டர். அது நிழலில் கட்டப்பட்டு, ஆறு பக்கமும் 10 சென்டிமீட்டர் நுரைப் பலகை போடப்பட்டது. வெளியே 36 டிகிரி, உள்ளே 2 டிகிரி. வித்தியாசம் 34 டிகிரி. அறையில் 5000 கிலோ காரட்டு இருக்கிறது. தினமும் 1000 கிலோ புதுச் சரக்கு 26 டிகிரியில் உள்ளே வருகிறது. ஒரு நாளில் வந்து சேரும் உஷ்ணம் பின்வருமாறு:

(1) சுவர், கூரை, தரை வழியாக: 54 சதுர மீட்டர், கால் வாட், 34 டிகிரி, 24 மணி நேரம் ஆகியவற்றைப் பெருக்க 11 யூனிட்.

(2) புதுச் சரக்கு: 1000 கிலோவை 24 டிகிரி குளிரச் செய்யவேண்டும். காரட்டில் பெரும்பகுதி நீராகையால், கிலோவுக்கு டிகிரி ஒன்றுக்கு 0.9 கிலோ காலரி. மொத்தம் 21,600 கிலோ காலரி. அதாவது 25 யூனிட்.

(3) சரக்கின் சுவாசம்: 5 யூனிட்.

(4) கதவு திறப்பதால்: அறையின் காற்று நாளொன்றுக்கு 20 முறை மாறுவதாகக் கொண்டால் 540 கன மீட்டர். வெளிக்காற்றின் ஈரம் நூற்றுக்கு 50 ஆயின் 12 யூனிட். இதில் பாதிக்கு மேல் ஈரத்தினால் வருவது.

(5) விசிறி, விளக்கு, ஆட்கள்: 7 யூனிட்.

ஆக மொத்தம் 60 யூனிட்.

யந்திரம் 24 மணி நேரமும் ஓடுவதாகக் கணக்கிடலாகாது. குளிர்ச் சுருளில் படியும் பனியை உருக்கவும், மின்தடைக்கும் நேரம் விடவேண்டும். 18 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், 60ஐ 18ஆல் வகுக்க மணிக்கு 3.3 யூனிட். பத்தில் ஒரு பங்கு கூட்ட 3.7. ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட யந்திரம் இவ்வறைக்குப் போதும்.

இதே அறையைக் காப்பில்லாமல் வெறும் 9 அங்குலச் செங்கல் சுவரில் கட்டி, கூரையும் தரையும் அதே தன்மையில் இருப்பதாகக் கொண்டால், முதல் இனம் மட்டும் 11லிருந்து 88 யூனிட்டாக உயரும். மொத்தம் 137. வேண்டிய யந்திரம் ஏறக்குறைய 2½ டன். ஒரு யூனிட் மின்சாரம் இரண்டு யூனிட் உஷ்ணத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், காப்புள்ள அறைக்குத் தினமும் 30 யூனிட் மின்சாரமும், காப்பில்லாத அறைக்கு 68 யூனிட்டும் செலவாகும். காப்புக்கு ஒரு முறை செலவிடத் தயங்கியவர் மாதந்தோறும் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் அதிகமாகக் கட்டவேண்டி வரும்.

மற்றொன்றும் இக்கணக்கில் கவனிக்கத்தக்கது. காப்புள்ள அறையில் மிகப் பெரிய இனம் புதுச் சரக்கின் சூடே. விடியற்காலையில் அறுவடை செய்து, நிழலில் வைத்து, 26 டிகிரிக்குப் பதில் 20 டிகிரியில் அறைக்குக் கொண்டுவந்தால் அந்த 25 யூனிட்டில் 6 யூனிட் செலவின்றியே குறையும். கதவுக்கு உட்புறம் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரையும் அதுபோலவே உதவும்.

யந்திரமும் சரக்கும்

யந்திரத்தின் தத்துவம் மண்பானையின் தத்துவமே. அறைக்குள் உள்ள சுருளில் ஒரு திரவம் ஆவியாகி உஷ்ணத்தை ஏற்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கி வெளிச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது உஷ்ணத்தைக் காற்றில் விட்டு மீண்டும் திரவமாகிறது. வெளிச் சுருளை அடைத்த அறையிலோ, வெயில் காயும் சுவரிலோ வைத்தால் அது விட்ட சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். நிழலும் தாராளமான காற்றும் அதற்கு அவசியம்.

உட்சுருளின் பரப்பும் முக்கியம். பரப்பு குறைந்த சுருள் மிகவும் குளிர்ந்தால்தான் வேலை செய்யும். அப்போது காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்து, காய்கறிகள் வாடி எடை குறையும். பரப்பு மிகுந்த சுருள் அறையின் உஷ்ணநிலைக்குச் சில டிகிரி மட்டுமே கீழே இருந்து வேலை செய்வதால் ஈரம் காக்கப்படும்.

எல்லாச் சரக்கையும் ஒரே அறையில் வைக்கலாகாது. காரட்டு, கோஸ் முதலியன பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் நெடுநாள் நிற்கும். வாழைக்காயும் மாங்காயும் 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்து, பழுக்காமலே கெடும். பழுக்கும் பழங்கள் விடும் வாயுவினால் காரட்டு கசந்துபோகும்.

யந்திரம் வைக்க வசதியில்லாதவர்கள், பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த மின்சாரமில்லாக் குளிர் அறையைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு செங்கல் சுவர்களுக்கு இடையே 7½ சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் மணல் நிரப்பி, அதனைத் தினமும் நனைத்து, மேலே நிழல் அமைப்பதே அதன் முறை. வறண்ட காற்றுள்ள ஊர்களில் காய்கறிகளைச் சில நாட்கள் வாடாமல் வைக்க இது போதும்.

மதிப்பீட்டில் கேட்கவேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்திற்கோ பஞ்சாயத்துக்கோ பொதுக் குளிர் அறை கட்ட முயலும் கிராம உத்தியோகஸ்தர்கள், கண்டிராக்டரின் மதிப்பீட்டில் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

(1) எந்தச் சரக்கு, தினமும் எத்தனை கிலோ, எந்த உஷ்ணநிலையிலிருந்து எந்த நிலைக்கு, எத்தனை மணி நேரத்தில்.

(2) காப்புப் பலகையின் வகை, கனம். கூரைக்கும் தரைக்கும் காப்பு உண்டா என்பது.

(3) ஆவித் தடுப்பு எந்தப் பக்கத்தில், மூட்டுகளை அடைப்பது எவ்வாறு.

(4) மேலே காட்டிய ஐந்து இனங்களின் கணக்கு. யந்திரம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுவதாகக் கொள்ளப்பட்டது.

(5) உருகிய நீர் வடியும் வழி. மின்தடையின்போது செய்யும் ஏற்பாடு. உள்ளே அகப்பட்டவர் கதவைத் திறக்கும் வசதி.

நான்காவது கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதவரிடம் யந்திரம் வாங்குவது உசிதமன்று. வெயிலைக் கூரையிலேயே தடுப்பது முதல் வேலை. தடுக்க முடியாததைக் காற்றைக்கொண்டு வெளியேற்றுவது இரண்டாவது. அதற்கும் மிஞ்சிய உஷ்ணத்தை மட்டும் யந்திரத்திடம் ஒப்படைப்பது மூன்றாவது. இந்த வரிசை மாறாமல் கட்டுவோருக்குச் செலவு குறையும். நல்ல விலை வரும்வரை சரக்கும் நிற்கும்.